கால் வைத்தது யார்

எர்மிந்தா அம்மாளின் கணவர் இறந்த அன்று, சவப்பெட்டியைத் தூக்க வந்த ஆறு பேரும் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். ஆளுக்கு இரண்டு கம்பளித் துண்டு கொடுக்கப்பட்டது. காலணிக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு, காலைத் தூக்காமல் சறுக்கிச் சறுக்கி உள்ளே போகவேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே சறுக்கி வெளியே வரவேண்டும். மெழுகுத் தரையும் பத்தீன் என்கிற அந்தக் கம்பளித் துண்டும் எங்கள் புவெனஸ் அய்ரஸில் எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் பிணம் தூக்க வந்தவனிடமும் பத்தீனை நீட்டியவள் எர்மிந்தா ஒருத்திதான். ப்ளோரெஸ்தா வட்டாரமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது, அவள் காதில் விழாத தூரத்தில்.

நாற்பத்தோரு வருஷம் மெழுகு ஏறியதில் அந்தக் கூடத்து ஓக் மரத் தரை கருத்துவிட்டது. எர்மிந்தாவுக்கு எழுபத்திரண்டு வயது. மண்டியிட்டு மெழுகு தேய்க்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மெழுகை அடியோடு எடுத்து, மரத்தைத் தேய்த்து, வார்னிஷ் அடித்துவிடுவது என்று முடிவெடுத்தாள். அதுவே தெருவுக்குப் பெரிய செய்தி. வேலையைச் சுலேமாவிடம் கொடுத்தாள் என்பது அதைவிடப் பெரிய செய்தி.

சுலேமாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘தரைவேலை அன்செல்மோ பெண்டாட்டி’, அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் புருஷனோடு சேர்ந்து வீடு வீடாகத் தரை தேய்த்தவள். லாட்டரிக் கடைக்காரியோடு அன்செல்மோ குடித்தனம் போனபோது வண்டியை எடுத்துக்கொண்டான், பெயர்ப்பலகையை எடுத்துக்கொண்டான், வாடிக்கையாளர்களின் விலாசம் எழுதிய நோட்டையும் எடுத்துக்கொண்டான். பழைய உருளை மெஷினை மட்டும் விட்டுவிட்டுப் போனான், புதிது வாங்கியிருந்ததால். போதாக்குறைக்கு, போகிற இடமெல்லாம் ஒன்று சொல்லி வைத்தான்: “அவளுக்கென்ன தெரியும்? மரத்தூள் மூட்டை தூக்கினவ.”

பொய்யென்றால் அப்படி ஒரு பச்சைப் பொய். இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து, கடைசிப் பத்து வருஷமாக அவன் மெஷினைத் தொட்டதே இல்லை. தூசிக்குப் பயந்து வீட்டுக்காரர்கள் வெளியே போனதும் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து மாத்தே என்கிற இலைத் தேநீரை உறிஞ்சுவான், திரும்பி வந்தவர்களிடம் கதையளப்பான். எண்பது கிலோ மெஷினை முன்னும் பின்னும் நடத்தியது சுலேமாதான். ஆனால் கதவு சாத்திய அறைக்குள் யார் தேய்த்தார்கள் என்பதை யார் பார்த்தார்கள்? இப்போது எர்மிந்தா வீடுதான் அவள் தன் பெயரில் எடுத்த முதல் வேலை. அந்தக் கிழவி ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொன்னால், தேவாலயத்துக்கு வருகிற பெண்கள் அத்தனை பேரும் சுலேமாவைத் தேடி வருவார்கள். தரை விஷயத்தில் எர்மிந்தாவின் கண்ணுக்கு அப்படி ஒரு மரியாதை. கெட்டுப்போனதென்றால், அன்செல்மோ சொன்னது உண்மையாகிவிடும். அப்புறம் அவள் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துணி வைத்துத் துடைக்கத்தான் போகவேண்டும்.

எர்மிந்தா அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், வேலை பார்க்க வந்த அன்று அவள் கேட்காமலே செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை மரத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்ததுதான்.

“என்னடி தெரியுது?” என்றாள் எர்மிந்தா.

“மெழுகு விரற்கடை தெரியுதும்மா. அதுக்கு அடியில நல்ல மரம் இருக்கு.”

“விரற்கடையா? நான் தேய்ச்ச மெழுகைக் குத்தம் சொல்றியா?”

“சொல்றேன். இவ்வளவு மெழுகு மேல வார்னிஷ் ஒட்டாது. பொரிபொரியாக் கிளம்பிடும்.”

நாற்பது வருஷமாக எர்மிந்தாவிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. சரி, வா என்றாள்.

மூன்று நாள் வேலை. காய்கறிக்காரர் வண்டியில் மெஷின் வந்து இறங்கியது. முதல் நாள் முழுக்க மெழுகோடு மல்லுக்கட்டினாள். சொரசொரப்பான உப்புத்தாளில் மெழுகு உருகி அப்பிக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தாள் வீணானது. தூக்கிக்கொண்டிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினாள். இரண்டாம் நாள் நடுத்தரத் தாள், மூன்றாம் நாள் நைஸ் தாள். உருளை சுழலும்போது மெஷின் ஒரு நொடிகூட நிற்கக்கூடாது. நின்றால் அந்த இடத்தில் குழி விழும். அந்தக் குழி வீடு இருக்கும்வரை இருக்கும். சுலேமா நிற்கவில்லை. மர இழை ஓடும் திக்கிலேயே வெறுங்காலோடு போனாள், வந்தாள். சனிக்கிழமை காலையில் மரம் புது ரொட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. கதவருகே நின்று பார்த்த எர்மிந்தா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த அன்று பார்த்த தரை, என்றாள்.

அது நவம்பர் மாதம். தெருவில் வரிசையாக நிற்கும் ப்ளாட்டனோ மரங்கள் பஞ்சு உதிர்க்கும் காலம். ஊரே தும்மிக்கொண்டிருந்தது. சுலேமா ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கெல்லாம் ஈரத்துணி அடைத்து, பகல் பன்னிரண்டுக்கு வார்னிஷை அடித்து முடித்தாள்.

“அம்மா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் கால் வைக்கக்கூடாது.”

“எங்கிட்டயா சொல்றே?” எர்மிந்தாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஊர்ல போய்க் கேளு, தரைன்னா நான் யாருன்னு.”

அவளிடம் சொன்னது வீண் என்றே சுலேமாவும் நினைத்தாள். உலகத்தில் யார் அந்த ஈரத்தில் கால் வைத்தாலும் எர்மிந்தா வைக்கமாட்டாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மனசு கேட்காமல் ஐந்து மணிக்கு ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று திரும்பி வந்தாள்.

கூடத்தின் நடுவே இரண்டு பத்தீன்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

சாம்பல் நிறக் கம்பளி, வார்னிஷைக் குடித்துக் குடித்து விறைத்துப்போயிருந்தது. படுக்கையறைக் கதவிலிருந்து அந்த இடம் வரை நாலு சறுக்கல் தடம். அங்கிருந்து சமையலறைப் பக்கம் காலுறை போட்ட பாதத்தின் அச்சு, ஐந்து விரலும் தெரிய, ஏழு இடத்தில். ஒரு இடத்தில் முழு உள்ளங்கையும் பதிந்திருந்தது.

சமையலறையில் எர்மிந்தா நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பஞ்சு,” என்றாள். “கதவு இடுக்குல வந்து நட்டநடுவுல விழுந்துது. இத்தனூண்டு. கண்ணை உறுத்திக்கிட்டே இருந்தது. எடுத்துடலாம்னு பாத்தேன்.”

“ஈரத்துலயா?”

“பத்தீன் போட்டுக்கிட்டுத்தானே போனேன்!”

பத்தீன் போட்டால் தரைக்கு ஒன்றும் ஆகாது. நாற்பத்தோரு வருஷம் எர்மிந்தா ஜெபம்போலச் சொன்ன வார்த்தை அது. அதை அவள் நம்பியும் விட்டாள், பாவம். சுலேமாவுக்குச் சிரிப்பு வந்திருக்கும், அது வேறு யாருடைய தரையாக இருந்திருந்தால்.

“சரி விடுங்க. காயட்டும். நாளைக்குக் காலையில மெஷினை ஓட்டி முழுசா எடுத்துட்டு மறுபடியும் அடிச்சுத் தரேன்.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பையன் வருவான், மருமக வருவா.” எர்மிந்தா துணியைக் கீழே வைத்தாள். “சுலேமா, நீ செஞ்சதுன்னு சொல்லிடு.”

“எதை?”

“நீதான் மறந்து கால் வச்சுட்டேன்னு. உனக்கு ரெண்டு மடங்கு கூலி தரேன்.”

“நான் பத்தீன் போட்டுக்கிட்டு ஈர வார்னிஷ்ல நடந்தேன்னா? தொழில் தெரிஞ்சவ எவளாவது நடப்பாளா?”

“சும்மா ஒரு பேச்சுக்குத்தானே. உனக்கு என்ன போச்சு?”

“என் பேரு போச்சு.”

“உனக்கு நேத்து வந்த பேரு!” எர்மிந்தாவின் குரல் உடைந்தது. “என் வீட்டுக்காரர் கடைசி மூச்சு விடறப்ப வந்த டாக்டரைக்கூட நான் பத்தீன் போட வச்சேன். அந்த மருமக மிர்த்தா ஒன்பது வருஷமா இந்தத் தரையில சறுக்கிட்டு வரா. அவ முன்னால நான் இதைச் சொல்லணுமா? செத்தே போயிடுவேன்.”

சுலேமாவுக்கு அந்தக் கிழவி மீது இரக்கம் வந்தது. உண்மையாகவே வந்தது. ஆனால் இரக்கத்துக்காகத் தலையைக் கொடுத்துக் கொடுத்துத்தான் பதினெட்டு வருஷம் போனது. ‘நீதான் மெஷினை ஓட்டுறேன்னு வெளியில சொல்லாதேடி, எனக்கு அசிங்கம்’ என்று அன்செல்மோ கெஞ்சியபோதும் இப்படித்தான் இரக்கப்பட்டாள்.

“தரையைச் சரி பண்ணித் தரேம்மா. அதுக்குக் காசுகூட வேணாம். ஆனா அந்தப் பொய்யை நான் முழுங்கமாட்டேன்.”

மறுநாள் காலை அவள் போய்ச் சேர்வதற்குள் வீட்டில் கூட்டம். எர்மிந்தா ராத்திரியே மகனுக்குப் போன் போட்டுவிட்டாள். மகன் ஒஸ்வால்தோ வங்கியில் வேலை பார்க்கிறவன். எதையும் கையோடு முடித்துவிடவேண்டும் அவனுக்கு. அவன் அன்செல்மோவுக்குப் போன் போட்டுவிட்டான். சுலேமா உள்ளே நுழைந்தபோது அவளுடைய பழைய புருஷன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தான். பத்து வருஷமாக எந்த வீட்டிலும் அவன் செய்த வேலை அதுதானே.

“வாடி சுலே,” என்றான் பல்லெல்லாம் தெரிய. “பத்தீன் போட்டு வார்னிஷ் அடிக்கிற புது முறையா? எனக்கும் கத்துக்குடு.”

ஒஸ்வால்தோ சிரிக்கவில்லை. “எங்க அம்மா உன்னை நம்பி வீட்டைக் குடுத்தாங்க. இப்படிப் பண்ணிட்டியேம்மா.”

“நான் கால் வைக்கல,” என்றாள் சுலேமா.

“பின்னே?”

சுலேமா எர்மிந்தாவைப் பார்த்தாள். எர்மிந்தா அடுப்பில் கொதிக்கும் தக்காளிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள், கிளறத் தேவையே இல்லாத குழம்பை.

“உங்கம்மாதான்.”

ஒஸ்வால்தோவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

“எங்கம்மாவா? ஏழு வயசுல எனக்கு நெருப்பாக் கொதிக்கிற ஜுரம். மயங்கி வாசல்ல விழுந்துட்டேன். எங்கம்மா முதல்ல பத்தீனை என் கால்ல வச்சுட்டுத்தான் என்னை உள்ளே இழுத்தாங்க. அவங்களா ஈரத் தரையில நடப்பாங்க? சொல்றதுக்கு வேற பொய் கிடைக்கலையா உனக்கு?”

“பொம்பளை தப்பு பண்ணினா ஒத்துக்கவே மாட்டா தம்பி,” என்றான் அன்செல்மோ. “அப்பவே இப்படித்தான்.”

மருமகள் மிர்த்தா மட்டும் மாமியாரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுலேமாவுக்குப் புரிந்தது. எத்தனை சத்தம் போட்டாலும் இந்த வீட்டில் யாரும் நம்பப்போவதில்லை. எர்மிந்தா நாற்பத்தோரு வருஷம் செய்த அழும்பே அவளுக்குச் சாட்சி. கண்ணில் நீர் முட்டியது. அன்செல்மோ முன்னால் அழுவதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

“சரி. பத்தீன் ஒட்டின தரையை விட்டுட்டுப் போனா நான் தொழில்காரி இல்ல. தேய்க்கிறேன். எல்லாரும் பாருங்க. கதவைத் திறந்து வச்சுத்தான் தேய்ப்பேன்.”

“அந்தப் பெரிய மெஷினையா? நீயா?” என்றான் அன்செல்மோ. “குழி போட்டுடாதே.”

அவள் பட்டை உளியால் பத்தீன்களைத் தரையிலிருந்து பெயர்த்தாள். அவை காய்ந்த கருவாடு மாதிரி வந்தன. நேராகச் சமையலறைக்குப் போய் இரண்டையும் எர்மிந்தா கையில் கொடுத்துவிட்டு வந்தாள். எர்மிந்தா வாங்கிக்கொண்டாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

பிறகு மெஷின் கிளம்பியது. அதன் சத்தத்தில் வீடே அதிர்ந்தது. ஒஸ்வால்தோவும் மிர்த்தாவும் கதவருகே நின்றார்கள். அன்செல்மோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான், குழி விழுவதைப் பார்க்க. விழவில்லை. மெஷின் போனது, வந்தது. சுவரைத் தொடும் நேரத்தில் உருளை மெல்லத் தூக்கிக்கொண்டது, திரும்பும்போது மெல்ல இறங்கியது. இருபது நிமிஷம் கழித்து ஒஸ்வால்தோ குனிந்து அன்செல்மோவிடம், “உங்ககிட்ட வேலை பாத்தப்பவும் இவங்கதான் ஓட்டுவாங்களா?” என்று கத்திக் கேட்டான். மெஷின் சத்தத்தில் காது கேட்காததுபோல அன்செல்மோ பாவனை செய்தான்.

அவர்கள் சமையலறையில் ரவியோலி சாப்பிட்டார்கள். சுலேமாவுக்கு ஒரு தட்டு வைத்தார்கள், அவள் தொடவில்லை. ஓரங்களைச் சின்ன மெஷினால் எடுத்து, மூலைகளைக் கையால் தேய்த்து, தூளைக் கூட்டி, ஈரமில்லாத துணியால் துடைத்து முடித்தபோது மணி இரண்டரை. ஒரு மேஜை விளக்கைத் தரையிலேயே வைத்துப் போட்டாள். படுக்கைவாட்டில் வெளிச்சம் பட்டால் மயிரிழைக் கோடும் நிழல் விடும். ஒரு நிழலும் இல்லை.

“வந்து பாருங்க.”

எல்லோரும் கதவருகே வந்தார்கள். அன்செல்மோ குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“நான் கத்துக்குடுத்ததுதானே,” என்றான்.

“நீ கத்துக்குடுத்தது மாத்தே உறிஞ்சறதுதான். அது எனக்கு வரலை.”

ஒஸ்வால்தோ பெருந்தன்மையாகத் தொண்டையைச் செருமினான். “நல்லா இருக்கும்மா. தப்பு பண்ணினாலும் திருத்திட்டே. எல்லாரும் மனுஷங்கதானே. நாங்க மன்னிச்சுட்டோம், வார்னிஷை அடிச்சுடு.”

அந்த மன்னிப்புதான் சுலேமாவுக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“உங்க மன்னிப்பு எனக்கு வேணாம் சார். தரையைத் தேய்ச்சது என் தொழிலுக்காக. வார்னிஷ் அடிக்கணும்னா, கால் வச்சது யாருன்னு வச்சவங்க வாயால வரணும். அதுவரைக்கும் மரம் இப்படியே கிடக்கட்டும்.”

“மிரட்டறியா?”

“ஆமா.”

“வெறும் மரத்தை இப்படி விட்டா என்ன ஆகும்?”

“ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் குடிச்சுடும். கறை போகாது. நடக்கவும் முடியாது, மேஜை நாற்காலி போடவும் முடியாது. உங்கம்மாவுக்குத் தெரியும்.”

எல்லோரும் எர்மிந்தாவைப் பார்த்தார்கள். அவள் ஏப்ரன் பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுலேமா மெஷினின் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள். இந்த வாசலைத் தாண்டினால் நாளைக் காலைக்குள் ப்ளோரெஸ்தா முழுக்க என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சுற்றினாள்.

“அட, இதுக்குப் போய் அவகிட்ட எதுக்குக் கெஞ்சறீங்க?” என்று முன்னால் வந்தான் அன்செல்மோ. “டின்னு இங்கேயே இருக்கு. அரை மணி நேரத்துல நான் அடிச்சுத் தரேன்.”

சொல்லிக்கொண்டே கூடத்துக்குள் இறங்கினான். தெருவில் நடந்த பூட்ஸோடு. கையில் மாத்தே குடுக்கையோடு. வெளுத்த மரத்தில் அவன் முதல் காலடி கறுப்பாக விழுந்தது. இரண்டாம் அடியில் குடுக்கை சாய்ந்தது. பச்சை நிறத் தேநீர் ஒரு சொட்டு, தரையில் விழுந்தது.

“ஐயையோ!”

அலறியது எர்மிந்தா. ஓடி வந்தவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஒரு விரல்கூட உள்ளே வைக்கவில்லை.

“வெளிய வாடா! எருமைமாடே, வெறும் மரத்துல பூட்ஸ் காலை வைக்கிறியே, நீயெல்லாம் தரை வேலைக்காரனா? அவ என்கிட்ட தெளிவாச் சொன்னாடா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கால் வைக்கக்கூடாதுன்னு! நான்தான் கேக்கல! நான்தான் வச்சேன்! இந்தக் காலால நான்தான் வச்சேன்!”

சுலேமா அதற்குள் தலைத்துணியை அவிழ்த்துத் தரையில் மண்டியிட்டு அந்தச் சொட்டை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் மிர்த்தாவிடமிருந்துதான் சத்தம் வந்தது. இருமல்போல ஆரம்பித்தது, சிரிப்பாக முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஒன்பது வருஷச் சிரிப்பை மொத்தமாகச் சிரித்தாள். “பத்தீன் போட்டுக்கிட்டா அத்தை?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

“போட்டுக்கிட்டுத்தான்,” என்றாள் எர்மிந்தா. முகம் சிவந்து கிடந்தது. சாகவில்லை. “பஞ்சு கிடந்தது. உனக்கென்னடி தெரியும்?”

ஒஸ்வால்தோ சுலேமாவைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். பிறகு அன்செல்மோவின் கையைப் பிடித்து வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அன்செல்மோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். கேட்க ஆளில்லை.

சுலேமா காலடியையும் சொட்டு விழுந்த இடத்தையும் நைஸ் தாளால் கையாலேயே தேய்த்தாள். கறை மேலோடு நின்றிருந்தது, போய்விட்டது. ஜன்னல் இடுக்குகளில் மறுபடி ஈரத்துணி அடைத்தாள். கதவு இடுக்கிலும் இந்தத் தடவை. டின்னைத் திறந்தாள். எதிர்ச் சுவரில் தொடங்கி, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வார்னிஷ் அடித்தபடி வாசற்படி வரை வந்து எழுந்தாள். மரம் தேன் நிறத்துக்கு மாறி, ஜன்னல் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு கிடந்தது. அவளுக்கே அழகாகத்தான் இருந்தது. கூடத்துக் கதவைச் சாத்தினாள்.

“எப்ப நடக்கலாம்மா?” என்று கேட்டான் ஒஸ்வால்தோ, வேறு குரலில்.

“நாளைக்குச் சாயந்திரம் நாலு மணிக்கு எல்லாரும் நடக்கலாம்.” சுலேமா தூரிகையைத் துடைத்தபடி நிமிர்ந்து கிழவியை நேராகப் பார்த்தாள். “அம்மா மட்டும் நாளன்னைக்கு.”

மிர்த்தா வாயைப் பொத்திக்கொண்டாள். எர்மிந்தா நிமிர்ந்தாள். நாற்பத்தோரு வருஷம் அந்த வீட்டில் யார் எங்கே எப்படிக் கால் வைக்கவேண்டும் என்று சொன்னவள் அவள்தான். சாத்தியிருந்த கூடத்துக் கதவை ஒரு தடவை பார்த்தாள்.

“நாளன்னைக்கு எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள்.